ஒன்பதாம் அறையைப் பிரித்த கதை

குதிரைக்கல் மலையடிவாரத்தில் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளி இருந்தது. அதன் விடுதியில் பன்னிரண்டு அறைகள். பதினோரு அறைகளில் புத்திசாலிகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே நேராக ஒன்பதாம் அறைக்குப் போய்விடலாம்.

அந்த அறையில் நாலு பேர். நாலு பேரும் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பு நம்பரும் அறை நம்பரும் ஒன்றாக இருந்ததால், பாஸாகிவிட்டால் பத்தாம் அறைக்குப் போகச் சொல்வார்களோ என்று அவர்கள் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கவலைப்பட ஆரம்பித்திருந்தார்கள்.

பவளக்கொடி அறைத் தலைவி. "யாரு தலைவியா இருக்கீங்க? கையைத் தூக்குங்க" என்று வார்டன் மேடம் கேட்ட நேரத்தில், அவள் தலைக்கு மேல் கயிற்றில் காய்ந்த துண்டை எடுக்கக் கையைத் தூக்கியிருந்தாள். அன்றிலிருந்து பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அதை அவள் ஒரு நாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. துண்டைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

ஞானசௌந்தரி அறையின் மூளை. அவள் ஒருத்திதான் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். மற்ற மூவருக்கும் அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. தெய்வானை அறையின் பலம். எதையாவது தூக்கச் சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டாள். எங்கே வைக்கணும் என்று மட்டும் கேட்பாள். ஸ்டெல்லா சந்தேகக்காரி. எந்த விஷயத்திலும் சரியான கேள்வியை அவள்தான் கேட்பாள். பிறகு தப்பான பதிலைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடுவாள்.

இந்த நாலு பேரும் பெரியவர்கள் சொன்ன சொல்லை ஒரு நாளும் மீறியதில்லை. ஒரே ஒரு தடவை மீறியிருந்தாலும் பள்ளிக்கூடம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு சம்பவம். சாப்பாட்டுக்கூடத்தில் வார்டன் குணவதி மேடம், "பிள்ளைங்களா, சப்புக்கொட்டக் கூடாது. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடணும்" என்றார். நாலு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வாயோடு இட்லியைப் பார்த்தார்கள். பேசவும் முடியாது. ஸ்டெல்லா தட்டில் சாம்பாரைத் தொட்டு, 'எப்படி?' என்று எழுதிக் காட்டினாள். ஞானசௌந்தரி வெகுநேரம் யோசித்தாள். பிறகு சட்னியைத் தொட்டு, 'பழகிடும்' என்று எழுதினாள்.

பழகவில்லை. மறுநாள் மத்தியானம் பவளக்கொடி மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

நம் கதை தொடங்குவது ஒரு திங்கட்கிழமை. விடுதியில் மோட்டார் பழுது. வார்டன் மேடம் காலையில் வராந்தாவில் நின்று, "எட்டு மணியோட தண்ணி நின்னுடும். சாயங்காலம்தான் வரும். ஆளுக்கு ஒரு பக்கெட் பிடிச்சு வெச்சுக்குங்க" என்று அறிவித்தார்.

நாலு பேரும் பிடித்தார்கள். தெய்வானை தன் பக்கெட்டைக் கீழே வைக்கப் போனாள்.

"ஏய், வைக்காதே!" என்று ஞானசௌந்தரி தடுத்தாள். "மேடம் பிடிச்சு வைங்கன்னா சொன்னாங்க? வெச்சுக்குங்கன்னாங்க. வைக்கிறது வேற, வெச்சுக்கிறது வேற."

"எவ்வளவு நேரம் வெச்சுக்கிறது?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"சாயங்காலம் வரைக்கும்."

"ஸ்கூலுக்குப் போகணுமே?"

"போக வேண்டாம்னு மேடம் சொல்லலையே."

நியாயமாகப் பட்டது. நாலு பேரும் ஆளுக்கொரு பக்கெட் தண்ணீரோடு வகுப்புக்குப் போனார்கள். கணக்கு மிஸ் அன்றைக்குப் பார்த்துப் பவளக்கொடியைப் போர்டுக்குக் கூப்பிட்டார். பவளக்கொடி இடது கையில் பக்கெட், வலது கையில் சாக்பீஸ் என்று நின்று, இரண்டு வரி வரைக்கும் சரியாகவே போட்டாள். மூன்றாவது வரியில் ஒரு அடைப்புக்குறி போட வேண்டியிருந்தது. அதை அவள் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டாள். பக்கெட் சாய்ந்தது. முதல் பெஞ்சும் மிஸ்ஸின் மேசையும் மிஸ்ஸும் நனைந்தார்கள்.

"தண்ணி போச்சே மிஸ்" என்று பவளக்கொடி பதறினாள். "வார்டன் மேடம் என்னைத்தான் கேப்பாங்க."

வார்டன் மேடம் கேட்கத்தான் செய்தார். மத்தியானமே நாலு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார்.

"வெள்ளிக்கிழமை தாளாளர் அம்மா விடுதியைப் பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள உங்க ரூம்ல இருந்து இன்னும் ஒரே ஒரு புகார் வந்தா, நாலு பேரையும் பிரிச்சு நாலு ரூம்ல போட்டுடுவேன். ஞாபகம் இருக்கட்டும்."

மற்ற மூன்று பேர் இல்லாத ஓர் அறையைப் பவளக்கொடியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சேர்ந்த முதல் வாரம் ஸ்டெல்லா வீட்டை நினைத்து நினைத்து அழுதபோது, எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் மற்ற மூவரும் கூடவே உட்கார்ந்து அழுதார்கள். அந்தச் சத்தத்தில் தன் அழுகை தனக்கே கேட்காமல் போய், ஸ்டெல்லா நிறுத்திவிட்டாள். மற்ற மூவரும் நிறுத்த மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ஸ்டெல்லாதான் மூவரையும் தேற்றினாள். அப்படி உண்டான சிநேகம் அது.

"இனிமே நம்ம புத்தியை எதுலயும் உபயோகிக்கக் கூடாது" என்று அறைக்கு வந்ததும் பவளக்கொடி சொன்னாள். "மேடம் என்ன சொல்றாங்களோ அதை அப்படியே செய்யணும். ஒரு சொல்லு கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"இதுவரைக்கும் என்ன பண்ணினோம்?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"அதையேதான். இனிமே இன்னும் நல்லா செய்யணும்."

செவ்வாய்க்கிழமை வார்டன் மேடம் வராந்தா வழியாகப் போகும்போது ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு போனார். "கட்டிலுக்கு அடியில பெட்டி, செருப்புன்னு அடைச்சு வெச்சிருக்கீங்க. எல்லாத்தையும் எடுங்க. கட்டிலுக்கு அடியில ஒண்ணுமே இருக்கக் கூடாது. ஒண்ணுமே!"

ஒன்பதாம் அறையில் உடனே வேலை ஆரம்பமாயிற்று. பெட்டிகள் ஜன்னலோரம் போயின. செருப்புகள் வாசலுக்குப் போயின. போன மாசம் காணாமல் போன ஸ்டெல்லாவின் ஒற்றைக் காலுறை கிடைத்தது. அதற்காக எல்லோரும் கொஞ்சம் சந்தோஷப்பட்டார்கள். கடைசியில் ஸ்டெல்லா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் இருக்குடீ" என்றாள்.

"என்ன இருக்கு?"

"இருட்டு."

நாலு பேரும் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். இருந்தது. தெய்வானை அதைத் துடைப்பத்தால் பெருக்கிப் பார்த்தாள், வரவில்லை. பவளக்கொடி டார்ச் லைட்டைக் கொண்டுவந்து அடித்தாள். இருட்டு போய்விட்டது.

"இப்ப வெளிச்சம் இருக்கு" என்றாள் ஸ்டெல்லா.

ஞானசௌந்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் செய்தால் விடை வரப்போகிறது என்று அர்த்தம்.

"கோளாறு அடியில இருக்கிற பொருள்ல இல்லை" என்றாள் அவள். "அடியிலதான் இருக்கு. அடின்னு ஒண்ணு இருந்தா அதுல ஏதாவது இருந்துகிட்டேதான் இருக்கும். அடியே இருக்கக் கூடாது."

"தெய்வானை!" என்றாள் பவளக்கொடி.

தெய்வானை ஒவ்வொரு கட்டிலாகப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். நாலு இரும்புக் கட்டில்களும் பதினாறு கால்களையும் கூரைக்கு நீட்டிக்கொண்டு கிடந்தன. ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். கட்டில் பலகை தரையோடு ஒட்டியிருந்தது, விரல்கூட நுழையவில்லை. "இப்ப ஒண்ணுமே இல்லை" என்று அவள் ஒப்புக்கொண்டாள். நாலு கால்களுக்கு நடுவே மெத்தையைப் போட்டுப் படுத்துப் பார்த்ததில் கீழே விழும் பயமும் இல்லை. கொசுவலை கட்டக் கால்கள் தோதாக இருந்தன. இத்தனை நாள் கட்டிலைத் தலைகீழாகப் போட்டுப் படுத்திருந்தோமே என்று தெய்வானை வருத்தப்பட்டாள்.

புதன்கிழமை குரங்கு விஷயம் வந்தது. மலையடிவாரம் என்பதால் குரங்குகள் ஜன்னல் வழியே வந்துபோவது சகஜம்தான். ஆனால் அந்த வாரம் ஆறாம் அறையில் ஒரு சோப்பு டப்பாவும் இரண்டாம் அறையில் ஒரு புவியியல் புத்தகமும் போயிருந்தன. "சாயங்காலப் பிரார்த்தனைக்கு எல்லாரும் போகும்போது, ரூமுக்கு ஒருத்தி இருந்து பார்த்துக்கணும்" என்று வார்டன் மேடம் உத்தரவு போட்டார்.

"நானே இருக்கேன்" என்றாள் பவளக்கொடி. "பொறுப்பான வேலை."

ஐந்து மணிக்கு மற்ற மூவரும் போனதும், அவள் கவிழ்ந்த கட்டில் ஒன்றின் நடுவே உட்கார்ந்து அறையைப் பார்க்க ஆரம்பித்தாள். மூலை, நடு என்று வித்தியாசம் பாராமல் எல்லா இடத்தையும் ஒழுங்காகப் பார்த்தாள். கண் எரிந்தது. இமைத்தால் அந்த நேரத்துக்கு அறையை யார் பார்ப்பது என்று நினைத்து, ஒரு கண்ணை மூடும்போது இன்னொரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு குரங்கு ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. பெண் ஒருத்தி உள்ளே இருப்பதைக் கண்டு தயங்கியது. அவள் அசையவில்லை, அசைந்தால் பார்வை தப்பும். குரங்குக்குத் தைரியம் வந்து உள்ளே குதித்தது. பின்னாலேயே ஆறு வந்தன. ஒன்று தெய்வானையின் முறுக்கு டப்பாவைத் திறந்தது. அந்த முறுக்கில் நாளைக்கு இரண்டு பவளக்கொடிக்குத் தருவதாகப் பேச்சு இருந்தது. அவள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பார்த்தாள். ஒன்று ஸ்டெல்லாவின் சோப்பைக் கடித்து, வாயில் நுரை வந்ததும் மரியாதையாகப் பக்கத்துக் குரங்குக்குக் கொடுத்தது. குட்டி ஒன்று ஞானசௌந்தரியின் இரண்டு ரிப்பனையும் இழுத்துக்கொண்டு போயிற்று. கடைசியாக ஒரு கிழட்டுக் குரங்கு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் பார்க்கிற திசையிலேயே தானும் கொஞ்ச நேரம் அறையைப் பார்த்தது. பவளக்கொடிக்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது.

பிரார்த்தனை முடிந்ததும் அவள் ஓடிப்போய் வார்டன் மேடத்திடம் விவரம் சொன்னாள்.

"ஏழு குரங்கு வந்துது மேடம். முறுக்கு, சோப்பு, ரிப்பன் ரெண்டு, தேங்காயெண்ணெய், டைம்டேபிள், அப்புறம் ஸ்டெல்லாவோட காலுறை, நேத்துதான் கிடைச்சுது, எல்லாம் எடுத்துட்டுப் போச்சு."

"நீ எங்கடீ போயிருந்தே?"

"நான் எங்கேயும் போகலை மேடம். எல்லாத்தையும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஒண்ணு விடலை."

வார்டன் மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "போ. போயிக் கதவையும் ஜன்னலையும் சாத்தித் தொலைங்க. நான் வர்ற வரைக்கும் சாத்தியே இருக்கணும்!"

ஜன்னலைத் தொலைப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் முதலில் கதவுக்கு வந்தார்கள்.

"கதவைச் சாத்துறதுன்னா மூடுறது இல்லையா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"மூடணும்னா மூடுன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள் ஞானசௌந்தரி. "ஏணியைச் சாத்துன்னா நீ என்ன பண்ணுவே? ஏணியை மூடுவியா?"

"மாட்டேன். சுவத்துல சாத்தி வைப்பேன்."

"அதேதான்."

தெய்வானை கதவைக் கீலோடு ஒரு தூக்குத் தூக்கினாள். பழைய கதவு, முனகிக்கொண்டே கையோடு வந்துவிட்டது. "எந்தச் சுவத்துல?" என்று கேட்டாள். அதற்கு மேடம் ஒன்றும் சொல்லாததால், வெயில் படாத சுவராகப் பார்த்துச் சாத்தினார்கள். பிறகு இரண்டு ஜன்னல் கதவுகளையும் அதன் பக்கத்திலேயே சின்னப்பிள்ளைகள் மாதிரி சாத்தி வைத்தார்கள். அறைக்கு நல்ல காற்று வந்தது. காற்றோடு குரங்குகளும் வந்தன. முதல் தடவை ஏழு வந்த இடத்தில் இப்போது எத்தனை வந்தன என்று சொல்வது கஷ்டம். பார்த்துக்கொள்ள யாரையும் அன்றைக்கு நியமிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வார்டன் மேடம் ஒன்பதாம் அறைக்கு வந்து, கதவைத் தட்டக் கையை ஓங்கினார். கதவு இல்லாததால் ஓங்கிய கை அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. விழாமல் எதையோ பிடித்தார். அது ஒரு கட்டில் கால் என்பதும், கட்டில் கால் கூரையைப் பார்த்து நிற்கிறது என்பதும் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கதவு எங்கேடீ?"

"சாத்தியாச்சு மேடம்" என்றாள் பவளக்கொடி பணிவாக.

"கட்டில்?"

"அடியை எடுத்தாச்சு மேடம்."

அன்றைக்கே அவர்களைப் பிரித்திருப்பார். ஆனால் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று கேள்விப்பட்ட மற்றப் பதினோரு அறைத் தலைவிகளும் காலையிலேயே அவரிடம் வந்து, "எங்க ரூமுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க மேடம்" என்று கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்து அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கதவுகளை மாட்டச் சொல்லி, கட்டில்களை நிமிர்த்தச் சொல்லி, கடைசியில் விரலை ஆட்டி, "இனிமே என்னைக் கேக்காம நீங்க எதையும் செய்யக் கூடாது. எதையும்!" என்றார்.

அது எவ்வளவு பெரிய தவறு என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"மேடம், ஸ்டெல்லாவுக்குத் தும்மல் வருது. தும்மலாமா?" என்று பவளக்கொடி ஓடி வந்தாள். மேடம் பதில் சொல்வதற்குள் தூரத்தில் தும்மல் கேட்டது. "மன்னிச்சுக்குங்க மேடம், அவசரப்பட்டுட்டா."

அடுத்து தெய்வானை வந்தாள். முட்டி அரிக்கிறது; சொறியலாமா? எந்த முட்டி என்று மேடம் கேட்கவில்லை என்பதால் திரும்ப வந்து, வலது முட்டி என்று தெரிவித்தாள். ஞானசௌந்தரி வந்து, ஒரு யோசனை தோன்றுகிற மாதிரி இருக்கிறது, தோன்ற விடலாமா என்று கேட்டாள். மேடம் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வெளியே நாலு பேரும் வரிசையில் நின்றார்கள்.

"மேடம், வரிசையில நிக்கலாமா?" என்று கதவு வழியாகப் பவளக்கொடியின் குரல் கேட்டது.

"என்னை ஒண்ணும் கேக்காதீங்க!" என்று உள்ளேயிருந்து கத்தல் வந்தது. "செத்தாலும் கேக்காதீங்க! காலையில தாளாளர் அம்மா வர்றாங்க. உங்க ரூம் தரையை மட்டும் சுத்தமா வைங்க. பளபளன்னு இருக்கணும். பார்த்தா தரையில முகம் தெரியணும். அவ்வளவுதான். போயிடுங்க!"

நாலு பேருக்கும் நிம்மதியாயிற்று. இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தரையைக் கழுவித் துடைத்தார்கள். சிமெண்டுத் தரை. எவ்வளவு தேய்த்தும் அதில் ஒரு முகமும் தெரியவில்லை.

"வரைஞ்சுடலாம்" என்றாள் ஞானசௌந்தரி.

"யாரு முகம்?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

இதைப் பற்றி நெடுநேரம் விவாதம் நடந்தது. தாளாளர் அம்மாவின் முகத்தைப் போடலாம் என்றாள் தெய்வானை. அவர் முகத்தை அவரே மிதிக்க வேண்டிவரும், அது மரியாதையில்லை என்றாள் ஞானசௌந்தரி. நம் முகத்தையே போட்டுக்கொள்ளலாம் என்றாள் ஸ்டெல்லா. "நமக்கு நாலு முகம். மேடம் முகங்கள்னு சொல்லலை, முகம்னாங்க" என்று பவளக்கொடியே அதை மறுத்தாள். இலக்கணத்தில் அவள் எப்போதும் கவனமாக இருப்பாள்.

"சொன்னவங்க யாரு? வார்டன் மேடம்" என்றாள் ஞானசௌந்தரி. "அப்ப அவங்க முகம்தான்."

வாசலிலிருந்து ஜன்னல் வரை, அறை அகலத்துக்கு வரைந்தார்கள். கோலப்பொடியில் கோடு இழுத்தார்கள். கன்னத்துக்கும் நெற்றிக்கும் நாலு டப்பா முகப் பவுடரைக் கொட்டி நிரப்பினார்கள். மேடம் எப்போதும் பவுடர் தூக்கலாகத்தான் போடுவார். கொண்டைக்குக் கரித்தூள். மோவாயில் உள்ள மருவுக்கு ஒரு சிட்டிகை காபித்தூள். பவளக்கொடி நெற்றிப் பொட்டை வைத்துவிட்டு ஜன்னல் மேல் ஏறி நின்று பார்த்தாள். உயிரோடு மேடமே மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி யாரும் நம்மைப் பிரிக்க முடியாது என்று நினைத்தாள்.

பத்து மணிக்குத் தாளாளர் வேதநாயகி அம்மா வந்தார். கரைபோட்ட வெள்ளைப் புடவை, கையில் தடி. பின்னால் வார்டன் மேடம். எட்டாம் அறை வரைக்கும் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஒன்பதாம் அறை வாசலில் தாளாளர் அம்மா நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார். திரும்பி வார்டன் மேடத்தைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார்.

"குணவதி, மூக்கு அப்படியே இருக்கு" என்றார்.

வார்டன் மேடத்தின் முகம் தரையிலிருந்த முகத்தைவிட வெளுத்துப் போயிருந்தது.

"நான் எப்படிம்மா உள்ளே வர்றது?" என்று தாளாளர் அம்மா கேட்டார்.

பவளக்கொடி முன்னே வந்து கைகூப்பினாள். "கன்னத்துல காலை வெச்சு வாங்கம்மா. அங்கதான் இடம் தாராளமா இருக்கு."

தாளாளர் அம்மா நல்ல மனுஷி. சிரிப்பை அடக்கிக்கொண்டு, தடியை மூக்கு நுனியில் ஊன்றி, இடது கன்னத்தில் ஒரு கால் வைத்து உள்ளே வந்தார். விஷயம் அதோடு முடிந்திருந்தால், நாலு பேரும் தப்பித்திருக்கக்கூட முடியும். ஆனால் வார்டன் மேடத்துக்கு அப்போதுதான் குரல் வந்தது. பதற்றத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஏய், அம்மாவுக்கு வேர்க்குது பாருங்க, ஃபேனைப் போடுங்க!" என்றார்.

இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. தெய்வானை சுவிட்சைத் தட்டி, மரியாதைக்காக வேகத்தை ஐந்தில் வைத்தாள்.

வார்டன் மேடத்தின் முகம் மெல்ல எழுந்தது. முதலில் நெற்றி, பிறகு கன்னங்கள், பிறகு கொண்டை. அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாமாகப் போய்த் தாளாளர் அம்மாவின் மேல் உட்கார்ந்தது. அம்மாவின் வெள்ளைத் தலை கறுத்தது, முகம் வெளுத்தது, மரு மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தாளாளர் அம்மா ஏழு தடவை தும்மினார்.

"தும்முறதுக்கு முன்னாடி கேக்கணும்" என்று ஸ்டெல்லா பவளக்கொடியின் காதில் சொன்னாள்.

தும்மல் நின்றதும் தாளாளர் அம்மா, "இது மாதிரி இன்னும் நடக்குமா?" என்று கேட்டார்.

"நீங்க எப்ப வந்தாலும் செய்வோம்மா" என்று பவளக்கொடி வாக்குக் கொடுத்தாள்.

அதன் பிறகு தாளாளர் அம்மா வார்டன் மேடத்திடம் சொன்னது இரண்டே சொல். "பிரிச்சுடு, குணவதி."

அன்று சாயங்காலம் நாலு பேரும் பெட்டி கட்டினார்கள். கட்டிலில் உட்கார்ந்து ஆளுக்கொரு மூலையைப் பார்த்தார்கள். ஸ்டெல்லாவின் பெட்டியைத் தானே தூக்கிப்போவதாகத் தெய்வானை சொன்னாள். எந்த அறைக்கு என்று தெரியாதே என்றாள் ஸ்டெல்லா. ஞானசௌந்தரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்; ஆனால் விடை வரவில்லை. சொன்ன சொல்லை ஒரு எழுத்து விடாமல் செய்தும் இப்படி ஆகிவிட்டதே, இன்னும் எப்படித்தான் கீழ்ப்படிவது என்று பவளக்கொடிக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை வார்டன் மேடம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். யாருக்கு எந்த அறை என்று தனித்தனியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். அதற்குள் தலைவலி மண்டையைப் பிளக்கவே, இரண்டு வரியோடு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நாலு பேரும் பலகை முன்னால் நின்று படித்தார்கள். 'ஒன்பதாம் அறை மாணவியர் நால்வரும் இன்று முதல் மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று ஆகிய நான்கு அறைகளில் தங்க வேண்டும். ஒன்பதாம் அறை மூடப்படும்.'

பவளக்கொடி முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஞானசௌந்தரி மட்டும் இரண்டாம் தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவை படித்தாள்.

"இதுல பிரிக்கிறதைப் பத்தி எங்கடீ இருக்கு?" என்றாள்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"நால்வரும்னு போட்டிருக்கு. நாலு ரூம்ல தங்கணும்னு போட்டிருக்கு. நாலு பேரும் நாலு ரூம்லயும் தங்கணும். அவ்வளவுதானே?"

"ஒரே நேரத்துலயா?" என்றாள் ஸ்டெல்லா.

"அது எப்படி முடியும்? முட்டாள்தனமா பேசாதே. ஒண்ணு ஒண்ணாதான்."

தெய்வானை ஞானசௌந்தரியைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். பவளக்கொடி சிரித்துக்கொண்டே அழுதாள். வார்டன் மேடம் எவ்வளவு நல்லவர், நம்மைப் பிரிக்க மனமில்லாமல்தான் இப்படி எழுதியிருக்கிறார் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த நிமிஷமே வேலையைத் தொடங்கினார்கள். அறைக்கு ஒரு மணி நேரம் என்று பவளக்கொடி கணக்குப் போட்டாள். நாலு பேரும் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மூன்றாம் அறைக்குப் போனார்கள். மெத்தையை விரித்தார்கள், படுத்தார்கள், ஒரு மணி நேரம் தங்கினார்கள், எழுந்து சுருட்டினார்கள். அங்கிருந்து ஐந்து. அங்கிருந்து ஏழு. ஏழாம் அறைத் தலைவி அறிவிப்பைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினார்கள். அவளால் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் வார்டன் மேடம் தலையில் ஈரத்துணியோடு வெளியே வந்து, வராந்தாவில் நாலு மெத்தைகள் நடந்துபோவதைப் பார்த்தார். பலகையருகே போய்த் தாம் எழுதியதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஏழிலிருந்து பதினொன்றுக்குப் போகும் வழியில் ஒன்பதாம் அறை வந்தது. ஜன்னல் வழியாகப் பவளக்கொடி உள்ளே எட்டிப் பார்த்தாள். நாலு வெறுங்கட்டில். சுவரில் நாலு ஆணி. கயிற்றில் யாரோ எடுக்காமல் விட்டுப்போன ஒரு துண்டு. மெத்தையை இறக்கி வைத்தாள். மற்ற மூவரும் வந்து பக்கத்தில் நின்றார்கள்.

"இங்க நாலு பேரு இருந்தாங்களாம்டீ" என்றாள் பவளக்கொடி. "ரொம்ப சிநேகமாம். பிரிச்சுட்டாங்களாம்."

"ஐயோ பாவம்" என்றாள் தெய்வானை.

ஸ்டெல்லா நெற்றியைச் சுருக்கினாள். "ஒன்பதாம் ரூம்ல இருந்தது நாம இல்லையா?"

"நாமளா?" என்றாள் ஞானசௌந்தரி. "அவங்களைப் பிரிச்சுட்டாங்க. நாம சேர்ந்துதானே இருக்கோம். அப்ப நாம எப்படி அவங்களா இருக்க முடியும்?"

ஸ்டெல்லாவுக்குத் திருப்தியாயிற்று. நாலு பேரும் கண்ணை மூடி, அந்த நாலு பேருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டார்கள். பிறகு மெத்தையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து நடக்கிற சத்தம் அந்த அறைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அடிமேல் அடி வைத்துப் பதினோராம் அறைக்குப் போனார்கள்.